இரண்டாவது முகம்

2017ஆம் ஆண்டு யூலை மாதத்திலே, இலண்டனில் என் தமக்கையார் இல்லத்திற் சில நாட்கள் தங்கியிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, விம்பிள்டன் டெனிஸ் இறுதியாட்டம் முடிந்த கையோடு, பி.பி.சி. நிறுவனத்தார் ஒரு சிறு படத்துண்டைக் காட்டினர். மரங்களினூடே யாரோ ஒருவர் நடந்து வருகிறார். தலையை முக்காடு மறைத்திருக்கிறது. முக்காட்டை நீக்கியபோது தெரிந்தது ஒரு பெண்ணின் முகம். அவ்வளவுதான். வீடு இரண்டுபட்டுவிட்டது. மருமகள் துள்ளிக் குதித்தாள். அவளுடைய தமையன், பதினாறு வயதுப் பையன், தன் உடைமையை யாரோ களவாடிவிட்டது போல முகம் சிவந்து எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். இராச் சாப்பாட்டுக்கும் அவன் வரவில்லை. தமக்கையார் அவித்துவைத்த புட்டு ஆறிப்போயிற்று.

பிணக்கின் காரணம் இதுதான். ‘டொக்டர் ஹூ’ என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடர் 1963ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் பி.பி.சி.யிலே தொடங்கியது. நீலநிறப் பொலிஸ் பெட்டி ஒன்றினுள் ஏறிக் காலத்தையும் வெளியையும் கடந்து திரியும் ஓர் அந்நியரே அதன் நாயகர். ‘டொக்டர்’ என்பதன்றி அவருக்கு வேறு பெயரில்லை. நடிகர் மாறும்போதெல்லாம் நாயகரின் முகமும் மாறும், ஆள் மாறுவதில்லை. அன்று காட்டப்பட்ட முகம் ஜோடி விற்றேக்கர் என்னும் நடிகையினுடையது. அந்தப் பாத்திரத்தை ஏற்கவந்த முதற் பெண் அவர். ஆகவேதான் அத்தனை ஆரவாரமும் அத்தனை மனத்தாங்கலும்.

நான் அத்தொடரை ஒழுங்காகப் பார்த்தவன் அல்லன். ஆனால் நாடகத்திலே பித்துக்கொண்டவன். பிறர் அமர்ந்து சூடேறிய ஆசனத்திலே முதன்முதலாக ஒருவர் வந்து அமர்ந்திருக்க வேண்டுமே, அவரை இந்த மக்கள் எப்படி வரவேற்றார்கள் என்று அறிய எனக்கு ஆவல் உண்டாயிற்று. அந்த ஆவல் என்னைப் பற்றிக் ட்ரௌற்றன் என்பவரிடம் கொண்டுபோய் விட்டது.

அவர் 1920ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் இலண்டனின் வடபுறத்து மில் ஹில் என்னும் இடத்திலே பிறந்தவர். நடிப்புக் கல்வியை இலண்டனிலே தொடங்கி, உதவிப் பணம் பெற்று, அமெரிக்காவிலே லோங் ஐலன்ட் தீவிலுள்ள நாடகப் பள்ளியொன்றிலே பயின்றார். 1939இல் யுத்தம் மூண்டது. நாடு திரும்பிய இளைஞரின் கப்பல் கரை கிட்டும் வேளையிற் கடற்கண்ணியிலே மோதிற்று. உயிர்ப்படகிலேறித் தப்பினார். தப்பியவர் கடலை வெறுக்கவில்லை. மறு ஆண்டே கடற்படையிற் சேர்ந்தார். வடகடலிலே விரைவுப் பீரங்கிப் படகுகளிற் பணியாற்றி, அதிகாரியாக உயர்ந்து, போர் அறிக்கையிலே பெயர் குறித்துப் பாராட்டவும் பெற்றார். கடுங்குளிர் நாட்களிலே, தேநீர்க் கேத்தலுக்குச் சூடு ஆறாமல் மூடுகின்ற கம்பளி உறையைத் தலையிலே கவிழ்த்துக்கொண்டு படகிலே நிற்பாராம். பின்னாளில் உலகமறிந்த அந்தக் கோமாளித்தனத்திற்கு வித்து அங்கேயே விழுந்துவிட்டது போலும்!

யுத்தம் முடிந்தபின் மேடைக்கு மீண்டார். லோரன்ஸ் ஒலிவியே 1948இல் எடுத்த ‘ஹம்லெற்’ படத்திலே நாடகத்துள் நாடகம் ஆடும் அரசனாக வந்தார். 1953இல் பிரித்தானியத் தொலைக்காட்சியின் முதலாவது றொபின் ஹூட் அவரே. 1962இல் டிக்கென்ஸின் கதையொன்றிலே குயில்ப் என்னும் கொடிய குள்ளனாக நடித்துக் குழந்தைகளை நடுங்கவைத்தார். இத்தனை வேடங்கள் புனைந்தும், தெருவிலே நடந்தால் அவரை இன்னாரென்று அறிவார் அரியர். அதையே அவர் விரும்பினார். வேடம் தெரியவேண்டும், வேடத்துக்குள் இருப்பவன் தெரியக்கூடாது என்பது அவர் கொள்கை. இதற்கு வேறொரு காரணமும் இருந்திருக்கலாம். அவர் இரண்டு குடும்பங்களைத் தாங்கியவர்; மூத்த இல்லத்தை விட்டு நீங்கிய செய்தியைத் தம் தாயார் அறியாவண்ணம் பல்லாண்டு மறைத்தவர். இதனை அவர் மகன் மைக்கேல் 2011இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றிலே ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். குற்றஞ்சாட்ட இதை நான் சொல்லவில்லை. ஒளிந்திருக்கத் தெரிந்தவர் ஒருவரை ஊரெல்லாம் உற்றுநோக்கும் ஆசனத்திலே கொண்டுபோய் வைத்தார்களே, அந்த விந்தைக்காகச் சொல்கிறேன்.

நிற்க. 1966ஆம் ஆண்டளவில் முதல் டொக்டராகிய வில்லியம் ஹாட்னெல் இரத்தக் குழாய்கள் இறுகும் நோயினால் நலிந்திருந்தார். வசனங்கள் மறந்துபோயின; படப்பிடிப்பிலே சினமும் மிகுந்தது. தொடரைப் பார்ப்போர் தொகையும் இறங்கிவந்தது. தயாரிப்பாளர் இனெஸ் லோயிட் முன்னே இரண்டு வழிகளே இருந்தன: தொடரை நிறுத்துவது, அன்றி ஹாட்னெல் இல்லாமல் நடத்துவது. நம் விக்கிரமாதித்தன் கதையிலே கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தை ஒன்றுண்டு. அங்கே உயிர் வேறோர் உடலைத் தேடிச் செல்லும். இங்கே அவர்கள் கண்ட உபாயம், பாம்பு சட்டை உரிப்பதைப் போல, கிடந்த கிடையிலேயே உடல் மாறிவிடுவது. கதையிலே எவரும் எதிர்பாராத உபாயம். ஆனால் ஏற்க ஒரு நடிகர் வேண்டுமே!

ட்ரௌற்றன் அப்போது அயர்லாந்திலே ஒரு படத்தில் நடித்துக்கொண்டிருந்தார். இலண்டனிலிருந்து தொலைபேசி அழைப்பின்மேல் அழைப்பாக வந்தது. ஹாட்னெல் இல்லாத டொக்டர் ஆறு வாரமும் தாங்காது என்று அவர் மறுத்தார். மறுக்க மறுக்கச் சம்பளம் ஏறிற்று. வீட்டிலே பிள்ளைகள் பலர். ஈற்றில் இணங்கினார். இணங்கிய பின்பும் அச்சம் விட்டபாடில்லை. முகத்திலே வண்ணம் பூசித் தலைப்பாகை கட்டிக்கொண்டு வரலாமா, பாய்க்கப்பல் மாலுமியாக வரலாமா என்றெல்லாம் எண்ணினார். தோற்றுவிட்டாலும் தம்மை எவரும் அடையாளங் காணமாட்டார்கள் அல்லவா! சுருள் முடித் தொப்பி ஒன்றை அணிந்து வந்தபோது, உடன் நடித்த அனெக் வில்ஸும் மைக்கேல் கிரேஸும் அத்தோற்றத்தோடு படப்பிடிப்புத் தளத்துக்கு வரவே மாட்டோம் என்றனராம். இவ்விருவருமே ஹாட்னெலைத் திரும்பி வரும்படி அழைக்கும் வாசகம் பொறித்த சட்டைகளை அணிந்து முதல் நாள் அவரை வரவேற்றனர் என்றும் ஒரு கதை உண்டு. கேலிதான், ஆயினும் நாடு முழுவதும் எழப்போகும் முறைப்பாட்டை அவர் தம் தோழரிடமே முதலில் கேட்டுவிட்டார்.

முடிவிலே நாடோடியொருவனின் கோலம் அமைந்தது. தொளதொளத்த சட்டை, கட்டம் போட்ட காற்சட்டை, கழுத்திலே கோணலாய் ஒரு முடிச்சு, கையிலே ரெக்கோடர் என்னும் சிறு குழல். 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் சனிக்கிழமை ஹாட்னெல் தரையிலே விழுந்தார். திரை வெண்மையாய் ஒளிர்ந்து, அவர் முகம் இவர் முகமாயிற்று. நவம்பர் 5ஆம் நாள் ‘டாலெக்குகளின் வலிமை’ என்னும் ஆறு பகுதிக் கதை தொடங்கிற்று.

அந்த முதற் பகுதியை எழுதியமைத்தவர்களின் சாதுரியத்தைச் சற்று நின்று நோக்கவேண்டும். சனங்களின் சந்தேகத்தை அவர்கள் மூடிமறைக்கவில்லை. கதைக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். உடன் பயணஞ் செய்த பென் என்னும் இளைஞன் இவர் போலியென்று முறைக்கிறான். பொலி என்னும் பெண் நம்பலாமோ என்று தயங்குகிறாள். பழைய டொக்டரின் மோதிரம் புதியவரின் விரலிலே நில்லாமற் கழன்றுவிடுகிறது. கண்ணாடியிலே பார்த்தால் பழைய முகம் ஒரு கணம் தோன்றி மறைகிறது. புதியவரோ தம்மை நிரூபிக்க முயல்வதேயில்லை. டொக்டரைப் பற்றி மூன்றாம் மனிதரைப் போலப் பேசிக்கொண்டு குழலை ஊதித் திரிகிறார். இவர்தான் அவர் என்று முதலில் இனங்கண்டுகொள்வது எது தெரியுமா? பரம வைரியாகிய டாலெக் இயந்திரம்! நண்பர் ஐயுற்று நிற்க, பகைவன் ஒரு நோக்கிலே அறிந்துகொள்கிறான். நாடகம் எழுத விரும்பும் நம் இளைஞர் இதனைக் கருத்திற் கொள்ளலாம்.

இத்தனை சாதுரியமும் எல்லாரையும் தணித்துவிடவில்லை. பி.பி.சி. நிறுவனத்தார் தாமே திரட்டிய பார்வையாளர் கருத்திலே கசப்பு மிகுந்திருந்தது. அறிவுசான்ற கிழவரைக் கோமாளியாக்கிவிட்டார்கள், நடிப்பு மிகைப்பட்டுவிட்டது என்று பலர் நொந்தனர். அந்நிறுவனத்து வார இதழிலும் சர்க்கஸ் விதூஷகனைக் கண்டதாக ஒருவர் சாடி எழுத, மற்றொருவர் புதியவரைப் போற்றி எழுதினார். என் மருமகனின் மூடிய கதவு அப்போது எனக்கு நினைவு வந்தது. அவனுடைய பாட்டன் வயதுள்ளவர்கள் அவனைப்போலவே ஊடியிருக்கிறார்கள். இன்று நாற்பது வயதானவர்கள், தம் சிறுபிராயத்து டொக்டரே மெய்யான டொக்டர் என்பார்கள். அன்று ஹாட்னெலைச் சொன்னவர்களும் அதையே சொன்னார்கள். இதனை வெறும் பிடிவாதமென்று தள்ள எனக்கு மனமில்லை. சனிக்கிழமை தோறும் வீட்டுக்கு வந்து பழகிய ஒருவர், ஒரு வாரம் வேறு முகத்தோடு வந்து நானேதான் அவர் என்றால், குழந்தைக்குத் துக்கம் வராதா?

ட்ரௌற்றன் சினந்து மறுமொழி கூறவில்லை. பத்திரிகைகளுக்குப் பேட்டியளிப்பதையும் இயன்றவரை தவிர்த்தார். தம் வேலையைத் திருத்தினார். உயர்ந்த தொப்பியும் ஓயாத மாறுவேடங்களும் சில கதைகளோடு குறைந்தன, குழலோசையும் அருகிற்று. கோமாளியின் கண்களிலே ஓர் ஆழம் தெரியத் தொடங்கிற்று. ஆண்டுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட பகுதிகள். வாரத்துக்கு ஒன்றாக ஒத்திகையும் பதிவும். ‘உலகின் பகைவன்’ என்ற கதையிலே டொக்டராகவும் அவரைப்போன்ற முகமுடைய கொடுங்கோலனாகவும் ஒருவரே நடித்தார். பனிமனிதரும் சைபர்மென் என்னும் உலோக மனிதரும் வந்த கதைகள் பிள்ளைகளைச் சோபாவின் பின்னே ஒளியவைத்தன. முறைப்பாடுகள் ஓய்ந்தன. மூன்றாண்டு முடிய, 1969 யூன் மாதத்திலே, உடல் ஓய்ந்தவராய்த் தாமாகவே விலகினார். அடுத்த ஆண்டு ஜனவரியில் ஜோன் பெட்வீ மூன்றாவது முகமாக வந்தபோது, முகம் மாறலாமா என்ற கேள்வி எழ இடமிருக்கவில்லை. எந்த முகம் நல்லது என்பதே கேள்வியாயிற்று. முன்னதற்கு விடையிறுத்தவர் ட்ரௌற்றன்.

இனிச் சொல்வது துயரமானது. அந்நாளிலே ஒளிப்பதிவு நாடாக்களை அழித்து மீளப் பயன்படுத்துவதும், படச்சுருள்களைக் கழித்துவிடுவதும் வழக்கம். அவர் நடித்த 119 பகுதிகளிலே ஐம்பதுக்கு மேற்பட்டவை உருவமின்றி அழிந்தன. அவர் முதன்முதலாகத் தோன்றிய அந்த ஆறு பகுதிகளில் ஒன்றேனும் முழுமையாக இல்லை. நொந்து எழுதியவர்கள் நியாயமாகத்தான் எழுதினார்களா என்று பார்த்துத் தீர்மானிக்க நமக்கு வழியில்லை. ஆனால் குரல் இருக்கிறது! அந்நாளைய ரசிகச் சிறுவர் சிலர் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னே ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்த நாடாக்களால், அழிந்த பகுதிகள் யாவற்றினதும் ஒலி எஞ்சிற்று. 2016 நவம்பர் 5ஆம் நாள், சரியாக ஐம்பது ஆண்டு நிறைவிலே, அந்த ஒலிக்குச் சித்திரங்களைப் பொருத்தி முதற் கதையை மீள வெளியிட்டார்கள்.

சில சுருள்கள் தூர தேசங்களிலே அகப்பட்டன. 1967இல் ஒளிபரப்பான ‘சைபர்மென்களின் கல்லறை’ 1991இல் ஹொங்கொங்கிலிருந்து மீண்டது. 2013இல் நைஜீரியாவிலிருந்தும் சில மீண்டன. ‘உலகின் பகைவன்’ அவ்வாறு நிறைவெய்தியது. ஹொங்கொங்கிலிருந்து வந்த கதையை அந்த யூலையிலே மருமக்கள் இருவரோடும் இருந்து பார்த்தேன். பையன் பாதி மனத்தோடுதான் வந்து உட்கார்ந்தான். தந்தையைப் புதிதாய் இழந்த விக்ரோறியா என்னும் பெண்ணோடு, எல்லாரும் உறங்கும் வேளையில், டொக்டர் இருந்து பேசும் ஒரு சிறு காட்சி அதிலே வருகிறது. தம் சுற்றத்தாரை நினைவுண்டா என்று அவள் கேட்க, வேண்டும்போது நினைப்பதாகவும், மற்றை வேளைகளில் அவர்கள் தம் மனத்தினுள்ளே துயில்வதாகவும் அவர் மெல்லச் சொல்கிறார். கோமாளித்தனம் ஒரு துளியும் இல்லை. பையன் அக்காட்சியைத் திரும்பப் போடும்படி கேட்டான். பதினோராவது டொக்டராகத் தெரிவு செய்யப்பெற்ற மற் ஸ்மித்தும் இக்கதையைக் கண்டே ட்ரௌற்றனிடம் மனம் பறிகொடுத்தாராம்.

தொடரை விட்டபின் ட்ரௌற்றன் மீண்டும் பல முகங்களுக்குள் ஒளிந்துகொண்டார். 1976இல் வெளிவந்த ‘த ஓமென்’ படத்திலே அச்சத்தாற் பித்தேறிய பாதிரியார் அவர்தான். ஐந்தாவது டொக்டராக வந்த பீற்றர் டேவிசனுக்கு, மூன்றாண்டுக்குமேல் அந்த ஆசனத்தில் இராதே என்று அவர் புத்தி சொன்னதாகவும், டேவிசன் அதனைக் கேட்டு நடந்ததாகவும் அறிகிறோம். இருந்தும் அழைத்தபோதெல்லாம் அவர் அந்தத் தொப்பியை மறுபடி மாட்டிக்கொள்ள மறுக்கவில்லை: 1972இன் இறுதியில் மூன்று டொக்டர்களுள் ஒருவராக, 1983இல் ஐவருள் ஒருவராக, 1985இல் ஸ்பெயின் தேசத்துச் செவில் நகரிலே இருவருள் ஒருவராக. முதலாவதிலே, நோய் முற்றிய ஹாட்னெல் இருந்த இடத்திலிருந்தே நடித்தார். 1975 ஏப்ரிலில் அவர் மறைந்தார்.

பேட்டிக்கு அஞ்சியவர் முதுமையிலே ரசிகர் மாநாடுகளுக்குச் செல்லத் தொடங்கினார். 1979இலும் 1984இலும் மாரடைப்பு வந்திருந்தது. வைத்தியர்கள் ஓய்வு கொள்ளச் சொல்லியும் அவர் கேட்கவில்லை. 1987 மார்ச் மாத இறுதியில், அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்துக் கொலம்பஸ் நகரிலே நடந்த ஒரு மாநாட்டிற்குப் போயிருந்தார். அவர் டொக்டராக நடித்த நாளிலே பிறந்தேயிராத பிள்ளைகளும் அத்தகைய மாநாடுகளுக்கு அவரைப் போன்ற தொளதொளத்த சட்டையும் கழுத்து முடிச்சுமாய் வருவதுண்டு. 28ஆம் நாள் சனிக்கிழமை காலை, விடுதியிலே காலையுணவுக்குச் சொல்லிவிட்டு இருந்தவருக்கு மூன்றாம் முறை மாரடைப்பு வந்தது. அவருக்கு 67 வயது நிறைந்து மூன்று நாட்களே ஆகியிருந்தன.