அமானிதமாய்ப் பொறுப்பைச் சுமந்த காயிதே மில்லத்



பொறுப்பு என்பது அமானிதம். அதை மனநிறைவோடு சுமந்தவர்களுள் ஒருவர், காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் (ரஹ்) அவர்கள்.

1896 ஜூன் 5 அன்று திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தார்கள். ஒத்துழையாமை இயக்கத்தின்போது கல்லூரிப் படிப்பைத் துறந்தார்கள். பின்னர் சென்னையில் தோல் வணிகத்தில் ஈடுபட்டார்கள்.

நாட்டுப் பிரிவினைக்குப் பின், முஸ்லிம் லீகைக் கலைத்துவிடுமாறு பலரும் வற்புறுத்தினர். ஒதுங்கிக் கொள்வதே எளிதாயிருந்த அவ்வேளையில், 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் அதன் தலைமையை ஏற்றார்கள். அரசியல் நிர்ணய சபையில் சிறுபான்மையோர் உரிமைக்காகப் பேசிய அதே நாவால், தமிழை ஆட்சிமொழியாக்கவும் வாதாடினார்கள். 1962, 1967, 1971 தேர்தல்களில் மலையாளம் பேசும் மஞ்சேரி மக்கள் அவர்களையே மக்களவைக்கு அனுப்பினர். பதவிகள் வந்தபோதும் எளிமை மாறவில்லை.

1972 ஏப்ரல் 5 அன்று வஃபாத்தாகி, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டார்கள்.

ஸ்ரீமுஷ்ணத்தில் கடை நடத்துவோரும், அலுவல் பார்ப்போரும், ஜமாஅத் பொறுப்பில் இருப்போரும் இதனைச் சிந்திக்க வேண்டும். புகழை நாடினால் பணி சுமையாகும். அல்லாஹ்வின் பொருத்தத்தை நாடினால் அதுவே இன்பமாகும். வல்ல நாயன் நமக்கு இக்லாஸைத் தந்தருள்வானாக! ஆமீன்.