வள்ளல் அழகப்பரும் மின்வேதியியலும்

எங்கள் கடியப்பட்டணத்தில் உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்னும். வள்ளத்து எஞ்சினின் அலுமினிய உறையையும் வெள்ளை பூக்கச் செய்யும். இத்தகைய உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் நம் தமிழகத்திலேயே, காரைக்குடியில் இருக்கிறது. அதை அங்கே வரவழைத்தவர் டாக்டர் அழகப்பச் செட்டியார்.

அவர் 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் கோட்டையூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில எம்.ஏ. முடித்து, இலண்டன் சென்று பாரிஸ்டரானார். விமானம் ஓட்டவும் கற்றார். தொழுநோய் அவரைப் பற்றியது. அந்நோய் கண்டவரை ஊரே ஒதுக்கிய காலம் அது. அவரோ ஒதுங்கிவிடவில்லை. பஞ்சாலை நடத்தி ஈட்டிய பொருளைக் கல்விக்கு வாரி வழங்கினார். 1947இல் காரைக்குடியில் கலைக்கல்லூரி கண்டார். அடுத்து, தேசிய ஆய்வகம் ஒன்று அமைவதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அளித்தார். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். 1957 ஏப்ரல் 5ஆம் நாள், 48 வயது நிறைய ஒரே நாள் இருக்கையில், வள்ளல் மறைந்தார்.

அவர் கொடுத்த மண்ணில் வளர்ந்த ஆய்வுகளுள் ஆனோடைசிங்கும் ஒன்று. அமிலக் கரைசலில் அலுமினியத் தகட்டை நேர்மின்வாயாக வைத்து மின்சாரம் செலுத்தினால், அதன் மேற்பரப்பே ஆக்சைடாக மாறிக் காப்பாகிறது. அந்தப் படலம் நுண்துளைகள் நிறைந்தது. ஆக்சாலிக் அமிலத்தில் 40 வோல்ட் கொடுத்தால் துளைக்குத் துளை சுமார் 100 நானோமீட்டர் இடைவெளி அமையும். 1995இல் ஜப்பானிய அறிஞர்கள் மசூடாவும் ஃபுக்குடாவும் இத்துளைகளைத் தேன்கூடுபோல் ஒழுங்காக வளர்த்துக் காட்டினர். மிகத் தூய உலோகத்தில் இது கைகூடும். கடையில் வாங்கும் சாதாரண அலுமினியத்திலோ, கலந்துள்ள இரும்பும் சிலிக்கனும் ஒழுங்கைக் குலைக்கின்றன. ஆகவே தகட்டை நன்கு மெருகேற்றி, முதலில் வளர்ந்த படலத்தைக் கரைத்துவிட்டு, மறுபடியும் வளர்க்கிறார்கள். முதற்படலம் உலோகத்தில் விட்டுச்சென்ற சிறு குழிகளே அடுத்த துளைகளுக்கு வழிகாட்டும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பி.எஸ்சி. வேதியியல் படித்து என்ன ஆகப்போகிறது என்று உறவினர் கேட்கிறார்கள். எம்.எஸ்சி. முடித்துக் காரைக்குடியில் ஆய்வு செய்ய வேண்டும் என்பதே என் பதில். எங்கோ பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காக நோயோடு போராடிய ஒருவர் அந்தக் கதவைத் திறந்து வைத்தாரே!

நண்பர்களே, 300 ஏக்கர் கொடுக்க நம்மிடம் இல்லை. நாளை நாம் சம்பாதிக்கும்போது, ஓர் ஏழை மாணவரின் தேர்வுக் கட்டணத்தையாவது கட்டுவோம். வள்ளலுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.