காரத்திற்குப் பெயர் தந்த சாம்பல்

ஓசூர்ப் பக்கத்து முலாம் பூசும் பட்டறைகளில் நம் சகோதரர்கள் பலர் வேலை செய்கின்றனர். இரும்பின் எண்ணெய்ப் பிசுக்கைக் காரத்தில் போக்கி, துருவைத் திராவகத்தில் போக்கிய பிறகுதான் முலாம் பிடிக்கும். அப்படிப்பட்ட ஒருவரின் மகன், பத்தாம் வகுப்பு படிப்பவன், ஆல்கலி என்பது அரபுச் சொல்லா என்று ஜும்ஆவுக்குப் பின் நம்மிடம் கேட்டான். அரபுச் சொல்தான். அதைச் சொல்லப் புகுந்தால் அபூபக்ர் முஹம்மது இப்னு ஜகரிய்யா ராஸீயின் வரலாற்றைச் சொல்லாமல் முடியாது.

தப்ஸீர் கபீர் எழுதிய இமாம் பக்ருத்தீன் ராஸீ (ரஹ்) அவர்கள் வேறு. அவர்கள் ஹிஜ்ரி 606-ல் வபாத்தானவர்கள். நாம் சொல்பவர் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் முற்பட்டவர். இன்றைய டெஹ்ரானை அடுத்த ரய் நகரின் பெயரால் இருவரும் ராஸீ ஆயினர். ஹிஜ்ரி 251-ல் (கி.பி. 865) பிறந்த இவர், ரய்யிலும் பக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராக இருந்தார். பெரியம்மை வேறு, தட்டம்மை வேறு என்று விளக்கி நூல் எழுதினார். தத்துவத்தில் இவர் பெயரால் வழங்கும் கருத்துக்கள் பலவற்றை உலமாக்கள் மறுத்துள்ளனர். அதை மறைப்பதற்கில்லை, இவருடைய தொழில் அறிவு வேறு விஷயம்.

இவருடைய ‘கிதாபுல் அஸ்ரார்’ பெயரளவில்தான் ரகசியம். கருவிகள், சரக்குகள், செய்முறைகள் எல்லாம் ஒளிவின்றி எழுதப்பட்டுள்ளன. தாழ்ந்த உலோகத்தைத் தங்கமாக்கும் ஆசை நிறைவேறவில்லை. ஆனால் அதில் உப்புக்களின் வரிசையில் அல்கலீ வருகிறது. உவர் நிலத்துச் செடியை எரித்த சாம்பல் அது. நம் ஊர் வண்ணார் பயன்படுத்திய உவர்மண்ணிலும் அதே சோடியம் கார்பனேட்தான் உண்டு. அதனுடன் சுட்ட சுண்ணாம்பைச் சம எடை சேர்த்து, நீரில் ஊறவைத்து வடித்தால், சுண்ணாம்பின் பகுதி அடியில் தங்கி, கடுமையான நீர் மேலே நிற்கும். இன்று காஸ்டிக் சோடா என்று பட்டறையில் வழங்குவது இதுவே. இது கண்ணில் பட்டால் திராவகத்தைவிட ஆழமாகப் பாயும். புளிப்பை ஊற்றி முறிக்க நினைக்கக் கூடாது, சூடு எழும்பும். உடனே நிறையத் தண்ணீர் விட்டு நெடுநேரம் கழுவிக்கொண்டே இருந்து, மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

நைட்ரிக் அமிலத்தைக் கண்டவர் ஜாபிர் இப்னு ஹையான் என்று நம் மேடைகளில் முழங்குகிறார்கள். அந்தச் செய்தி உள்ள நூல்கள் அவர் பெயரைச் சூடி, பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் லத்தீனில் தோன்றியவை. அரபு மூலம் கிடைக்கவில்லை. ஸனது பார்க்காமல் ஹதீஸை ஏற்காத நாம், இதை மட்டும் பார்க்காமல் சொல்லலாமா?

புளிப்பது அமிலம், வழுக்குவது காரம் என்பதே நெடுங்காலம் இலக்கணமாயிருந்தது. 1880-களில் ஸ்வீடனைச் சேர்ந்த அர்ரீனியஸ், நீரில் ஹைட்ரஜன் அயனி தருவது அமிலம், ஹைட்ராக்சைடு அயனி தருவது காரம் என்றார். ஈயம் பூசுவோரின் நவச்சாரத்தை ராஸீயும் கையாண்டவர். அதைச் சுண்ணாம்புடன் கலந்தால் மூக்கைத் துளைக்கும் அம்மோனியா எழும். அதனுள் ஹைட்ராக்சைடு இல்லை. ஆனாலும் அது காரம். 1923-ல் டென்மார்க்கின் பிரான்ஸ்டெட்டும் இங்கிலாந்தின் லௌரியும் தனித்தனியே, புரோட்டானைக் கொடுப்பது அமிலம், வாங்குவது காரம் என்று வகுத்தபோதுதான் அதற்கு இடம் கிடைத்தது.

முதுமையில் ராஸீ பார்வை இழந்தார். உலைப் புகையே காரணம் என்போரும் உண்டு. சிகிச்சைக்கு வந்த மருத்துவரிடம் கண்ணில் எத்தனை படலங்கள் என்று கேட்டாராம். அவருக்கு விடை தெரியாததால் கருவியை வைக்கவே விடாமல் அனுப்பிவிட்டாராம். ஹிஜ்ரி 313-ல் ரய்யிலேயே காலமானார்.