டாக்டர் மேரி இரட்ணம் அம்மையார் (1873–1962)

வெள்ளவத்தைக் கலாலயத்தில் பாட்டும் பரதமும் பயின்ற நம் பழைய மாணவியர் பலர். அதை நடத்திவரும் தமிழ் மாதர் சங்கம் 1909இல் தொடங்கியபோது முன்னின்றவர் கனடாவில் பிறந்த ஒரு டாக்டர்.

மிஷன் வைத்தியராக இலங்கைக்கு வரவிருந்த மேரி அம்மையார், இலங்கைத் தமிழரான எஸ். சி. கே. இரட்ணத்தை மணந்தார். மிஷன் அதை விரும்பவில்லை, பணி போயிற்று. கொழும்பிலே சொந்தமாக வைத்தியம் செய்தார்.

மருந்துப் போத்தல் மட்டும் போதாத காலம் அது. 1930களின் தொடக்கத்தில், கனடாக் கிராமப் பெண்கள் சங்கங்களின் மாதிரியில் லங்கா மகிளா சமிதியை நிறுவினார். அங்கே கரும்பலகைப் பாடம் குறைவு. தோட்டம் போட்டே தோட்டம் கற்றார்கள். தைத்தும் நெய்தும் கைத்தொழில் கற்றார்கள். சுகாதாரம் வீட்டு முற்றத்திலேயே தொடங்கியது. கூட்டம் நடத்துவதும் அவர்களே. இன்று நம் பிள்ளைகளின் செயற்றிட்டங்களை நள்ளிரவில் ஒட்டி முடிப்பவர்கள் பெரும்பாலும் தாய்மார்தாம்! சமிதியிலோ பாத்தியும் அவரவருடையது, விளைச்சலும் அவரவருடையது.

1937இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவானார், பெண்களுள் முதலாவதாக. மகிளா சமிதிப் பணிக்காக 1958இல் ரமோன் மக்சேசே விருது அவரைத் தேடி வந்தபோது அம்மையாருக்கு வயது 85.