மண்ணுக்குள்ளே மருந்து தேடிய சுப்பாராவ்

உயிரியலில் ஏ.டி.பி. படிக்கிறோம் இல்லையா? 1929-ல் அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் நம்ம சென்னையில் படித்தவர்தான். பெயர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

1895-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிக் பரீட்சையில் இரண்டு தடவை ஃபெயில்! மூன்றாம் தடவை சென்னையில் எழுதித்தான் பாஸ். மருத்துவக் கல்லூரியில் காந்தி வழியில் கதர் உடுத்தி ஆபரேஷன் வகுப்புக்குப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான்.

வீட்டில் அதைவிடப் பெரிய அடி. சகோதரர்கள் இருவர் ஸ்ப்ரூ என்ற குடல் நோயில் அடுத்தடுத்து இறந்தார்கள். சாப்பாடு உடம்பில் ஒட்டாது, ரத்தம் குறையும், ஆள் உருகிப் போவார். அப்போது அதற்குச் சரியான மருந்தே கிடையாது.

1920-களில் மாமனாரின் பண உதவியோடு அமெரிக்கா போனார். ராத்திரி ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை, பகலில் ஹார்வர்டு. ஏ.டி.பி. கண்டுபிடித்தும் அங்கே நிரந்தர வேலை தரவில்லை (இது எந்த ஊர் நியாயம்?). 1940-ல் லெடர்லே மருந்து கம்பெனிக்குப் போனார். அவர் குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. யானைக்கால் நோய்க்கு நம்ம ஊரில் கொடுத்தார்களே டி.இ.சி. மாத்திரை, அதுவும் அவர் குழு தந்ததுதான்.

பிறகு மண்! பல இடத்து மண்ணை வரவழைத்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வளர்த்துப் பார்த்தார்கள். அந்தக் குழுவில் டக்கர் என்ற தாவரவியலாளர், எழுபது வயது தாண்டியவர். மிசௌரி மாநில மண்ணில் தங்க நிறத்தில் ஒரு பாக்டீரியா அவர் கண்ணில் பட்டது. அது சுரந்த பொருள் பலவகைக் கிருமிகளை அடக்கியது. 1948-ல் ஆரியோமைசின் என்ற பெயரில் வெளிவந்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தில் அதுதான் மூத்த பிள்ளை.

பாக்டீரியா எப்படி மருந்து செய்கிறது? எல்லாம் நொதிகள் வேலை. ஒரு நொதிக் கூட்டம் சிறுசிறு கார்பன் துண்டுகளைச் சங்கிலியாகக் கோர்க்கும். வேறு சில நொதிகள் அதை மடக்கி நான்கு வளையமாக்கும். (டெட்ரா என்றால் நான்கு.) இன்னொரு நொதி அதில் ஒரு குளோரின் அணுவை ஒட்டும். இந்த விவரமெல்லாம் பின்னாளில்தான் தெரிந்தது.

ஸ்ப்ரூ நோய்க்கு இன்று கொடுக்கும் மருந்து எது தெரியுமா? ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும்!

ஆரியோமைசின் வந்த அதே 1948-ல், ஆகஸ்ட் மாதத்தில், 53 வயதில் சுப்பாராவ் நியூயார்க்கில் காலமானார். போனவர் ஊர் திரும்பவே இல்லை. 1995-ல் நூற்றாண்டுக்கு இந்தியா தபால் தலை வெளியிட்டது. ஸ்டாம்ப் சேர்ப்பவர்கள் ஆல்பத்தில் தேடிப் பாருங்க.