வில்லியம் கேரியும் செராம்பூர்ப் பல்கலைக்கழகமும்

கல்விக்கூடம் நிறுவ முனைவோர் முதலில் நிலம் தேடுவர். அடுத்துப் பொருள் தேடுவர். பின்னர் ஆசிரியரையும் மாணவரையும் தேடுவர். வங்காளத்தின் செராம்பூரில் 1818-ஆம் ஆண்டு கல்லூரி கண்ட வில்லியம் கேரியோ, இவற்றுக்கெல்லாம் முன்பாக ஒரு மொழியைத் தேடிச் சென்றார். அம்மொழிக்கு இலக்கணம் எழுதினார், அகராதி தொகுத்தார், அச்செழுத்துகளை வார்ப்பித்தார், உரைநடை நூல்கள் தோன்றத் துணைநின்றார். இப்பணிகளில் பதினெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே கல்லூரிக்குக் கால்கோள் இட்டார். இந்தியாவில் பட்டம் வழங்கும் உரிமையை அரச பட்டயத்தின் வாயிலாக முதன்முதலில் பெற்ற கல்லூரி அதுவே. சென்னை, பம்பாய், கல்கத்தாப் பல்கலைக்கழகங்கள் 1857-இல் தோன்றுவதற்கு முப்பது ஆண்டுகள் முன்னரே அவ்வுரிமை அதற்குக் கிடைத்துவிட்டது. தமிழை உயர்கல்வியின் மொழியாக்க வேண்டும் என்று பேசியும் எழுதியும் வரும் நமக்கு, அம்முயற்சி எவ்வாறு எழுந்தது, எங்கே தடைப்பட்டது என்பன அறியத்தக்கன.

பட்டறையில் பயின்றவர்

இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்சயர்ப் பகுதியிலுள்ள பாலர்ஸ்பரி என்னும் சிற்றூரில் 1761 ஆகஸ்டு 17-ஆம் நாள் கேரி பிறந்தார். தந்தையார் எட்மண்டு கேரி நெசவுத் தொழிலாளி. பின்னாளில் அவ்வூர்ப் பள்ளியின் ஆசிரியரானவர். குடும்பத்தின் வறுமை மகனை மேற்படிப்புக்கு அனுப்ப இடந்தரவில்லை. பதினான்காம் வயதளவில் கேரி காலணி தைக்கும் தொழிலாளி ஒருவரிடம் பணி பயிலச் சேர்ந்தார். அப்பட்டறையே அவருக்குப் பள்ளியாயிற்று. தோலும் ஊசியும் கையில் இருக்க, இலத்தீன், கிரேக்கம், எபிரேயம், டச்சு, பிரெஞ்சு ஆகிய மொழிகளைப் பெரும்பாலும் தம் முயற்சியாலேயே கற்றார். பட்டறைச் சுவரில் தாமே வரைந்த உலகப் படத்தை ஒட்டி, ஒவ்வொரு நாட்டின் மக்கள், சமயம், நிலை பற்றித் தாம் படித்தறிந்தவற்றை அதில் குறித்து வந்தார்.

பாப்டிஸ்டுத் திருச்சபையில் இணைந்து போதகரான கேரி, பிற நாடுகளில் மறைப்பணி ஆற்றுவது கிறித்தவரின் கடமை என வலியுறுத்தி 1792-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் கெட்டரிங் என்னும் ஊரில் பாப்டிஸ்டு மறைப்பணிச் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டே அவர் குடும்பத்துடன் கப்பலேறி, நவம்பரில் கல்கத்தா வந்தடைந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி மறைப்பணியாளரைத் தன் ஆட்சிப் பகுதிக்குள் விரும்பாத காலம் அது. எனவே அவர் வந்தது ஆங்கிலேயர் கப்பலில் அன்று. டென்மார்க்கு நாட்டுக் கப்பலில். அவர் வாழ்வின் பிற்பகுதி முழுவதும் அந்நாட்டின் ஆதரவிலேயே கழிந்தது என்பதை நோக்க, இப்பயணமே ஒரு முன்னறிவிப்புப் போலத் தோன்றுகிறது.

மதனாபதியின் துயரம்

வருவாய் ஏதுமின்றித் தவித்த கேரி, 1794-இல் வங்காளத்தின் வடபகுதியிலுள்ள மதனாபதியில் அவுரித் தொழிற்சாலை ஒன்றின் மேலாளராகப் பொறுப்பேற்றார். அங்கே அவருடைய ஐந்து வயது மகன் பீட்டர் நோயுற்று இறந்தான். மனைவி டாரதியின் மனநலம் குலைந்தது. இந்தியாவுக்கு வருவதற்கே முதலில் இசையாது, இறுதி நேரத்தில் கைக்குழந்தையுடன் புறப்பட்டு வந்தவர் அவர். 1807-இல் இறக்கும்வரை அவர் தெளிவு பெறவில்லை. கேரி தம் மொழிபெயர்ப்புகளில் ஆழ்ந்திருந்த பல ஆண்டுகள், அடுத்த அறையில் அவ்வம்மையார் நோயின் பிடியில் துன்புற்றிருந்தார். கேரியின் புகழைப் பாடும் வரலாறுகள் பல இதனை ஓரிரு வரிகளில் கடந்துசெல்கின்றன. தாம் தேர்ந்துகொள்ளாத ஒரு பணிக்காகத் தம் வாழ்வையே விலையாகக் கொடுத்த ஒரு பெண்ணின் பெயர், செராம்பூரின் வரலாற்றில் கேரியின் பெயரோடு சேர்த்தே எழுதப்பட வேண்டும்.

மொழிக்கு ஆற்றிய பணி

1800 சனவரி 10-ஆம் நாள் கேரி செராம்பூருக்கு இடம்பெயர்ந்தார். ஊக்லி ஆற்றங்கரையிலிருந்த அந்நகர் அப்போது டேனியர் வசம் இருந்தது. நம் தரங்கம்பாடியை 1620 முதல் ஆண்ட அதே டேனியர்தாம் 1755-இல் செராம்பூரையும் பெற்றிருந்தனர். 1706-இல் தரங்கம்பாடி வந்தடைந்த சீகன்பால்கை அனுப்பிவைத்தவர் டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கு. தமிழில் புதிய ஏற்பாடு 1715-இல் அங்கு முழுமையாக அச்சேறியதை நாம் அறிவோம். கம்பெனி ஆட்சி இடமளிக்க மறுத்தவர்களுக்குச் செராம்பூரின் டேனிய ஆளுநர் ஓலே பி அடைக்கலம் தந்தார். அங்கே கேரியுடன் யோசுவா மார்ஷ்மனும் வில்லியம் வார்டும் இணைந்தனர். கேரி காலணி தைத்தவர்; மார்ஷ்மன் நெசவாளர்; வார்டு அச்சுத் தொழிலாளர். பிற்காலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தை நிறுவிய இம்மூவருள் ஒருவரும் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அல்லர். தம் வருவாய் அனைத்தையும் பொதுநிதியில் சேர்த்து, தத்தம் தேவைக்குச் சிறிதளவே எடுத்துக்கொண்டு வாழ்ந்தனர்.

1801-இல் கேரியின் வங்கமொழிப் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அதே ஆண்டில், கம்பெனி அலுவலர்க்கு இந்திய மொழிகளைக் கற்பிக்க நிறுவப்பட்டிருந்த கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் வங்கமொழி ஆசிரியராகக் கேரி அமர்த்தப்பட்டார். அங்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பணியாற்றினார். கற்பிக்கத் தொடங்கியதும் அவர் கண்ட பெருங்குறை, மாணவர் கையில் கொடுக்க வங்க உரைநடை நூல் இல்லை என்பது. வங்கமொழியில் கவிதை வளம் நிறைந்திருந்தது. அச்சேறிய உரைநடையோ இல்லை என்னுமளவே. அக்குறையை நீக்க அவர் தம்முடன் பணியாற்றிய பண்டிதர்களை நாடினார். ராம்ராம் பாசு எழுதிய பிரதாபாதித்திய மன்னரின் வரலாறு 1801-இல் அச்சேறியது. மிருத்யுஞ்சய் வித்யாலங்கார் அடுத்தடுத்து நூல்கள் எழுதினார். கேரியின் வங்க இலக்கணமும், கதோபகதன் என்னும் உரையாடல் தொகுப்பும் அதே 1801-இல் வெளிவந்தன. உழைப்பாளரும் மீனவரும், சண்டையிடும் பெண்டிரும் தத்தம் பேச்சுமொழியிலேயே பேசுவது இத்தொகுப்பின் தனிச்சிறப்பு. ஏட்டுக்கு வெளியே வாழ்ந்த மொழிக்கு அச்சில் இடந்தந்த நூல் அது.

அச்செழுத்துகளை வெட்டியவர் பஞ்சானன் கர்மகார் என்னும் வங்கக் கைவினைஞர். அவருக்குப் பின் அவர் மருமகன் மனோகர். அவர்கள் கைத்திறன் இன்றேல் செராம்பூர் அச்சகம் இல்லை. விவிலியம் அச்சிட்ட அதே அச்சகம், கிருத்திவாசரின் வங்க இராமாயணத்தையும் காசிராம் தாசரின் மகாபாரதத்தையும் அச்சிட்டு மக்கள் கையில் சேர்த்தது. மராத்தி, சமற்கிருதம் ஆகிய மொழிகளுக்கும் கேரி இலக்கணம் எழுதினார். 1812 மார்ச்சு 11-ஆம் நாள் மாலை அச்சகத்தில் தீப்பற்றியது. பல ஆண்டுகள் உழைத்துத் தொகுத்த பன்மொழி அகராதியின் கையெழுத்துப் படிகள், இலக்கண ஏடுகள், எழுத்துகள், தாள் யாவும் வெந்து போயின. கேரி அப்போது கல்கத்தாவில் இருந்தார். திரும்பி வந்து சாம்பலைக் கண்டவர் சில வாரங்களிலேயே மொழிபெயர்ப்பைத் தொடங்கினார். அவருடைய பெரிய வங்க அகராதி 1815-க்கும் 1825-க்கும் இடையே வெளிவந்தது.

இத்தகு பணிகளுக்குக் குறையும் உண்டு. நாற்பதளவான மொழிகளில் விவிலியத்தை முழுமையாகவோ பகுதியாகவோ வெளியிட்ட விரைவில், கேரி நன்கறியாத மொழிகளின் பெயர்ப்புகள் செம்மையுறவில்லை. பின்வந்தோர் அவற்றைப் புதிதாகச் செய்ய நேர்ந்தது. எனினும் வங்கமொழிக்கு அவரும் பண்டிதரும் ஆற்றிய பணி நின்று நிலைத்தது.

கல்லூரியின் தோற்றம்

செராம்பூரைச் சூழ்ந்த ஊர்களில் தாய்மொழிப் பள்ளிகள் பல எழுந்தன. மார்ஷ்மனின் துணைவியார் ஹன்னா பெண்கல்விக்கு அயராது உழைத்தார். 1818 ஏப்ரலில் திக்தர்சன் என்னும் வங்க மாத இதழும், மேயில் சமாச்சார் தர்ப்பண் என்னும் வார இதழும் செராம்பூரிலிருந்து வெளிவந்தன. அவ்வாண்டு சூலையில் கல்லூரித் திட்டம் அறிவிக்கப்பட்டது. பள்ளி, இதழ், கல்லூரி என்னும் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்குமாறு அமைந்த ஒழுங்கு இங்கு எண்ணத்தக்கது.

கல்லூரியின் முதல் நோக்கம் இந்தியக் கிறித்தவரிடையே கற்றறிந்த போதகரை உருவாக்குவதே. அதனை நிறுவியோர் மறைக்கவில்லை. ஆயினும் அப்போதகர் தம் நாட்டு இலக்கியத்தை அறியாதவராயின் தம் மக்களுக்கு அயலாராகிவிடுவர் என்று அவர்கள் கருதினர். எனவே சமற்கிருதமும் கீழைநாட்டு இலக்கியமும் பாடமாயின. ஐரோப்பிய அறிவியல் வங்கமொழி வழியே கற்பிக்கப்படுவதாயிற்று. ஆங்கிலம் தகுதியுடைய சிலர்க்கு மட்டுமே என வகுக்கப்பட்டது. தொடக்கத்தில் சேர்ந்த 37 மாணவருள் இந்துக்களும் இருந்தனர். 1833-இல் வகுக்கப்பட்ட விதிகள், சாதியோ நிறமோ நாடோ எவருக்கும் தடையாகாது என்று உறுதி செய்தன. அந்நாளைய வங்கத்தில் இது சிறுசெயல் அன்று.

ஊக்லிக் கரையில் உயர்ந்த தூண்களுடன் எழுந்த கட்டடத்துக்கான செலவின் பெரும்பகுதி மூவரின் உழைப்பில் வந்த பொருளே. கேரி அங்கு இறையியலோடு தாவரவியலும் கற்பித்தார். கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்தின் தலைவராயிருந்த ராக்ஸ்பர்க்கு விட்டுச்சென்ற பெருநூலைப் பதிப்பித்தவரும், 1820-இல் வேளாண், தோட்டக்கலைச் சங்கத்தைத் தோற்றுவித்தவரும் அவரே.

பட்டயமும் பின்னடைவும்

1826-இல் மார்ஷ்மன் கோப்பன்ஹேகன் சென்று மன்னர் ஆறாம் பிரெடரிக்கைக் கண்டார். சீகன்பால்கை அனுப்பிய மன்னரின் வழிவந்தவர் இவர். 1827 பிப்ரவரி 23-ஆம் நாள் செராம்பூர்க் கல்லூரிக்கு அரச பட்டயம் வழங்கப்பட்டது. கோப்பன்ஹேகன், கீல் பல்கலைக்கழகங்களுக்கு நிகராகப் பட்டம் அளிக்கும் உரிமை அதனால் கிட்டியது. பட்டறையில் மொழி பயின்ற கேரி, பட்டம் வழங்கும் நிறுவனம் ஒன்றின் தலைமகனானார்.

அதே 1827-இல், சொத்துரிமை பற்றிய நெடுங்காலப் பிணக்கினால் செராம்பூரும் இங்கிலாந்திலிருந்த தாய்ச் சங்கமும் பிரிந்தன. வார்டு 1823-இலேயே மறைந்திருந்தார். 1830 முதல் கல்கத்தாவின் பெரிய வணிக நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொடித்துப் போயின. கல்லூரியின் வைப்புநிதி அவற்றோடு மூழ்கியது. அவ்வாண்டுகளிலேயே கேரியின் பேராசிரியப் பணியும் முடிவுற்றது. உடன்கட்டை ஏறுதலை ஒழிக்கும் ஆணை 1829 திசம்பரில் பிறந்தபோது அதனை வங்கமொழியில் பெயர்க்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஞாயிறு வழிபாட்டு உரையைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டு, காலத்தாழ்வினால் ஓருயிரும் மடிதல் கூடாதென அன்றே அதனை முடித்துக் கொடுத்தார். 1834 சூன் 9-ஆம் நாள் கேரி மறைந்தார்.

அவர் மறைந்து எட்டுத் திங்களில், 1835 பிப்ரவரியில், மெக்காலேயின் குறிப்பு வெளிவந்தது. அரசின் ஆதரவு ஆங்கிலக் கல்வியின் பக்கம் சாய்ந்தது. தாய்மொழியில் அறிவியல் கற்பிக்கும் கேரியின் திட்டம் ஆதரிப்பாரின்றித் தளர்ந்தது. 1845-இல் டேனியர் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் ஒருசேர ஆங்கிலேயர்க்கு விற்றனர். பட்டய உரிமை தொடரும் என்பது மட்டும் உடன்படிக்கையில் காக்கப்பட்டது. ஆயினும் கல்லூரி 1857-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் கீழ் இணைந்தது. பட்டம் அளிக்கும் தன் உரிமையை முதன்முதலில் அது பயன்படுத்தியது 1915-இல், ஜார்ஜ் ஹவல்ஸ் முதல்வராயிருந்த காலத்தில்தான். பட்டயம் பெற்றதற்கும் பட்டம் வழங்கியதற்கும் இடையே 88 ஆண்டுகள் உறங்கிக் கழிந்தன. 1918-இல் வங்கச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தினால் செராம்பூரின் ஆட்சிப் பேரவை அமைந்தது. இந்தியாவிலும் அண்டை நாடுகளிலும் உள்ள இறையியல் கல்லூரிகள் பல இன்று அதனோடு இணைந்துள்ளன.

நாம் கொள்ளத்தக்கது

இவ்வரலாற்றில் இரண்டு உண்மைகள் அருகருகே நிற்கின்றன. பட்டயமும் கட்டடமும் இருந்தும் பல்கலைக்கழகம் 88 ஆண்டுகள் பெயரளவில் இருந்தது. கேரியும் பண்டிதரும் உருவாக்கத் துணைநின்ற வங்க உரைநடையோ எவருடைய ஆணைக்கும் காத்திராமல் வளர்ந்தது. ராம்மோகன் ராய், வித்யாசாகர், பங்கிம் சந்திரர் என அது கண்ட வளர்ச்சியை நாடறியும். நிதி மூழ்கலாம், அரசின் கொள்கை மாறலாம், மொழிக்குச் செய்த பணி மூழ்குவதில்லை.

உயர்கல்வியில் தமிழ் வேண்டும் என்னும் நம் கோரிக்கை பெரும்பாலும் அரசாணையை நோக்கியே எழுகிறது. ஆணை வேண்டியதே. ஆனால் ஆணை வரும் நாளில் மாணவர் கையில் கொடுக்க நம்மிடம் என்ன நூல் இருக்கிறது என்பது, 1801-இல் கேரி கேட்ட கேள்வி. அதற்கு விடை தர வேண்டியவர்கள் ஆட்சியாளர் அல்லர். சொல்லை ஆள்பவராகிய நாமே. கவிஞர் நிறைந்த நம் வட்டம், கவிதைக்குத் தரும் உழைப்பில் ஒரு பங்கினை அறிவுத்துறை உரைநடைக்கும் கலைச்சொல்லுக்கும் தருமாயின், அது கவிதையை இழப்பதாகாது.

அவ்வாறு முயன்றால் இயலும் என்பதற்குச் சான்று நம் அருகிலேயே உள்ளது. 1969-இல் தோன்றிய மதுரை அரசரடியின் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் செராம்பூரின் இறையியல் பட்டத்துக்குத் தமிழிலேயே பயில்கின்றனர். ஊக்லிக் கரையில் வங்கமொழிக்காக எண்ணப்பட்டது, வையைக் கரையில் தமிழுக்கு வாய்த்திருக்கிறது. ஒரு துறையில் இயன்றது பிற துறைகளிலும் இயலும். அதற்குரிய நூல்களை எழுதும் கைகள் வேண்டும்.