ஒரு முகமும் ஐம்பது சிலைகளும்

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலுள்ள திருவாலங்காட்டு நடராசர் வெண்கலச் சிலையை நம்மில் பலர் கண்டிருப்போம். அதை நேரில் காணும் வாய்ப்பின்றி, புகைப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு 1913ஆம் ஆண்டில் வியந்து எழுதினார் ஒரு பிரெஞ்சுச் சிற்பி. அவர்தாம் அகுஸ்த் ரோடின். நம் நாட்டுச் சிலையின் அருமையை அறிந்த அந்தக் கண்கள் எவ்வாறு பயின்றன என்று பார்ப்போமா?

ரோடின் 1840ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை காவல்துறை அலுவலகத்தில் எழுத்தர். எளிய குடும்பம். சிறுவனுக்குக் கண்பார்வையும் குறைவு. ஆயினும் சிலை செய்வதிலேயே அவன் மனம் நாடியது. பாரிசின் புகழ்மிக்க கலைக்கல்லூரி மூன்று முறை அவருக்கு இடம் தர மறுத்துவிட்டது.

1862ஆம் ஆண்டில் பேரிடி ஒன்று விழுந்தது. கன்னியர் மடத்தில் சேர்ந்திருந்த அருமை அக்காள் மரியா இறந்துபோனார். துயரம் தாளாத ரோடின் உளியையும் களிமண்ணையும் துறந்து, நற்கருணை சபையில் சேர்ந்தார். சபையை நிறுவிய அருட்தந்தை பீட்டர் ஜூலியன் எய்மார்ட் அந்த இளைஞரின் உள்ளத்தை நன்கு உணர்ந்தார். மடத்திலேயே சிலை செய்ய இடம் கொடுத்தார். பின்னர், கலைத்தொழிலுக்கே திரும்புமாறு அறிவுரை கூறி அனுப்பிவைத்தார். 1863இல் ரோடின் செய்த அத்தந்தையின் மார்பளவுச் சிலை இன்றும் உள்ளது. 1962இல் திருச்சபை எய்மார்டைப் புனிதராக உயர்த்தியது.

1877ஆம் ஆண்டில் ரோடின் ஓர் இளைஞனின் முழு உருவச் சிலையைக் காட்சிக்கு வைத்தார். அதில் உயிர் ததும்புவதைக் கண்ட சிலர், உயிருள்ள மனிதன் உடலில் அச்செடுத்து வார்த்துவிட்டார் என்று பழி கூறினர். நேர்மையாக உழைத்தவருக்கு இது எத்தகைய வேதனை! பழி நீங்கச் சில ஆண்டுகள் ஆயின. அதன்பின் 'சிந்தனையாளன்' முதலிய சிலைகளால் அவர் புகழ் உலகெங்கும் பரவியது.

புகழின் உச்சியில் இருந்தபோது, 1906ஆம் ஆண்டில், மார்செய் நகரப் பொருட்காட்சியில் ஹனாகோ என்னும் ஜப்பானிய நடிகையை அவர் கண்டார். 1868இல் பிறந்த அப்பெண்மணியின் இயற்பெயர் ஓட்டா ஹிசா. உயரம் சுமார் நாலரை அடிதான். ஆனால் மேடையில் சாகும் காட்சியை அவர் நடித்தால் அவை முழுவதும் உறைந்து போகும். சினமும் அச்சமும் மரண வேதனையும் அந்தச் சிறு முகத்தில் மாறி மாறித் தோன்றும்.

அந்த முகபாவங்களைக் களிமண்ணில் பிடிக்க விரும்பினார் ரோடின். ஹனாகோவும் சிற்பக்கூடத்திற்கு வந்து, ஒரே பாவத்தை முகத்தில் நெடுநேரம் நிறுத்திக் காட்டினார். அது எளிய செயலன்று. ஒரு முறை முகத்தை இறுக்கி நிறுத்திப் பாருங்கள், அருமை விளங்கும். ஒரு தலை முடிந்ததும் ரோடின் நிறைவடையவில்லை. மறுபடி செய்தார், மறுபடியும் செய்தார். சில ஆண்டுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தலைகளும் முகங்களும் உருவாயின. வேறு எவர் முகத்தையும் அவர் இத்தனை முறை செய்ததில்லை.

அச்செடுத்தார் என்ற பழிக்கு இதைவிட நல்ல மறுமொழி வேண்டுமா? அச்சு ஒரு முகத்தை ஒரு முறை பிடிக்கும். கணந்தோறும் மாறும் உள்ளத்தைப் பிடிக்க, பொறுமையுள்ள கண்ணும் சலியாத கையும் வேண்டும்.

1916இல் ரோடின் தம் படைப்புகளைப் பிரெஞ்சு அரசுக்கு வழங்கினார். 1917 நவம்பர் 17இல் மறைந்தார். ஹனாகோ தம் முகச்சிலைகளில் இரண்டைப் பெற்றுத் தாயகம் கொண்டு சென்றார், 1945இல் காலமானார்.

அன்பு மாணவியரே, மூன்று முறை தோற்ற இளைஞரை உலகம் அறிந்த சிற்பியாக்கியது விடாமுயற்சி. ஆனால் அவர் உளியைத் துறந்த நாளில், அவரிடமிருந்த தாலந்தைக் கண்டு திருப்பி அனுப்பிய ஒரு குருவானவரும் இருந்தார். நாமும் நம் தாலந்தைப் புதைத்து வைக்காமல் உழைப்போம். தோழியின் தாலந்தைக் கண்டால் ஊக்கமூட்டுவோம்.